பூனையின் தோல் நோய்க்கு லேசர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பூனைக்குத் தோலில் ஏதோ பிரச்சினை என்று கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனால், ஊசி, மாத்திரை, களிம்பு என்ற வழக்கமான பேச்சுக்கு நடுவே "லேசர் கொடுத்துப் பார்க்கலாமா?" என்ற கேள்வியும் இப்போதெல்லாம் வருகிறது. கேட்டதும் சிலருக்கு ஏதோ அதிநவீன வைத்தியம், இதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றும். சிலருக்கு வெளிச்சம் காட்டிக் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். இரண்டுமே சரியில்லை. லேசர் சில வேலைகளுக்கு உதவும், சிலவற்றைத் தொடக்கூட முடியாது, எது எது என்பது பூனைக்கு வந்திருக்கும் நோய் என்ன என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்காமலேயே லேசரை ஆரம்பித்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய கோளாறு.

பூனைத் தோலுக்கு லேசரை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள். முதலாவது, சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியைப் புண்ணின் மேல் சில நிமிடங்கள் காட்டுவது. இது வெட்டாது, எரிக்காது. போட்டோபயோமாடுலேஷன் என்று இதற்கு நீளமான பெயர் இருக்கிறது, பேச்சில் லேசர் தெரபி என்றால் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, கத்திக்குப் பதிலாக லேசரால் வெட்டுவது அல்லது பொசுக்குவது. மூன்றாவது, முதலில் ஒரு மருந்தைத் தடவி, அது செல்களுக்குள் ஊறியபின் ஒளியைக் காட்டி அந்த மருந்தை வேலைசெய்ய வைப்பது. மருத்துவர் லேசர் என்றால் இந்த மூன்றில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வகை தற்செயலாகக் கிடைத்தது. 1960-ல் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை உருவாக்கினார். 1967-ல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், சுண்டெலிகளின் முடியை மழித்து அந்த இடத்தில் குறைந்த திறனுள்ள ரூபி லேசரைக் காட்டினார். புற்றுநோய் தொடர்பாக எதையோ பார்க்கப் போனவர் கண்ணில் பட்டது வேறொன்று: ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் முடி மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்திருந்தது. அதன்பிறகு ஆறாத புண்களின் பக்கம் அவர் திரும்பினார். ஆக, பூனைக்குக் கொடுக்கிற இந்த வைத்தியத்துக்கு எலியிடம்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒளி தோலுக்குள் போய் என்னதான் செய்கிறது? அதிகம் சொல்லப்படும் விளக்கம் இது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. அது சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது அதோடு ஒட்டிக்கிடந்து வேலையைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு விலகுகிறது, செல்லுக்கு எரிபொருளாக இருக்கும் ஏ.டி.பி. கூடுதலாக உற்பத்தியாகிறது, விலகிய நைட்ரிக் ஆக்சைடு அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களை விரிக்கிறது. அடிபட்டுச் சோர்ந்துபோன செல்களில் இது அதிகம் தெரியும், நன்றாக இருக்கும் செல்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இதுவே முழுக் கதையா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது, ஆனால் செல்லில் ஏதோ நடக்கிறது என்பதை ஆய்வகத்தில் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

சிவப்பு ஒளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுமார் 600 நானோமீட்டருக்குக் கீழே போனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் மெலனினும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. 1,100-க்கு மேலே போனால் உடம்பிலுள்ள தண்ணீர் விழுங்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் ஒளி கொஞ்சம் ஆழமாக உள்ளே போக முடியும். தோல் மேற்பரப்புக்கு 600-களில் வரும் சிவப்பு, ஆழமான திசுவுக்கு 800, 900-களில் வரும் அகச்சிவப்பு என்பது பொதுவான பழக்கம்.

அளவு விஷயத்துக்கு வருவோம், பெரும்பாலான குழப்பம் இங்கேதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஆற்றல் போகிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் டோஸ். மேற்பரப்புப் புண்களுக்கு 2 முதல் 4 ஜூல் என்ற வட்டாரத்தில் தொடங்குவது வழக்கம். கருவி அரை வாட் திறனுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் காட்டினால் 30 ஜூல். புண்ணின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3 ஜூல், சரி. அதே ஒரு நிமிடத்தை 2 சதுர சென்டிமீட்டர் புண்ணில் காட்டினால் 15 ஜூல் ஆகிவிடும். அதிகமானால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்துவிடக் கூடாது, ஓர் அளவைத் தாண்டியதும் பலன் குறைந்து, இன்னும் போனால் குணமாவதையே அது மட்டுப்படுத்துகிறது. குறைந்தாலும் பயனில்லை, கூடினாலும் பயனில்லை. இதனாலேயே "லேசர் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால், லேசரே வீண் என்று அர்த்தமா, டோஸ் தப்பா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

இதில் பூனைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. பூனை சின்ன நாய் இல்லை என்பதை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், தோல் விஷயத்தில் அது ரொம்பவே உண்மை. 2004-ல் வந்த ஓர் ஆய்வில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே மாதிரி காயம் உண்டாக்கி ஒப்பிட்டார்கள். தையல் போட்ட காயத்தை ஏழாம் நாள் இழுத்துப் பார்த்தால் பூனையின் காயத்துக்கு நாயினுடையதில் பாதி வலுதான் இருந்தது. திறந்த காயத்தில் புதுச்சதை முளைப்பதும் பூனைக்கு மெதுவாகவே நடந்தது. வெளியே பார்த்தால் ஆறிய மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் பலம் வந்திருக்காது. எனவே குணமாவதைக் கொஞ்சம் முடுக்கிவிடும் எதுவும் பூனைக்குக் கூடுதலாகவே உபயோகப்படலாம் என்று நினைப்பதில் நியாயம் உண்டு.

அப்புறம் முடி. அடர்த்தியான முடி, அதுவும் கறுப்பாக இருந்தால், ஒளியில் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். தோலுக்குக் கொஞ்சமே போகும், முடி சூடாகும். மழித்தால் ஒளி நன்றாகப் போகும், ஆனால் மழித்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பூனைகளும் உண்டு, அந்த நாக்கின் சொரசொரப்பே ஒரு புண்ணை உண்டாக்கப் போதும். கழுத்தில் கூம்பு மாட்டாமல் எத்தனை முறை லேசர் கொடுத்தாலும், இரவில் பூனை நாலு நக்கு நக்கினால் பகலில் செய்ததெல்லாம் போயிற்று.

இனி நோய்களுக்கு வருவோம். லேசர் நன்றாகப் பொருந்துகிற இடம் காயங்கள்தான். இரண்டு பூனைகள் சண்டை போட்டுக் கடிபட்டு, மேலே ஒரு சின்ன ஓட்டை மட்டும் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கோர்க்கும், பூனை வளர்ப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். அதைக் கீறிச் சீழை வெளியேற்றிக் கழுவி, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தபின், திறந்த புண் ஆறுவதற்குத் துணையாக லேசர் கொடுக்கலாம். சீழ் உள்ளேயே இருக்கும் கட்டியின் மேல் லேசர் காட்டிக்கொண்டிருந்தால் அது வேலைக்கு ஆகாது. அறுவைத் தையல், நாள்பட்ட புண் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முகவாயில் கறுப்புக் கறுப்பாகப் பொடி ஒட்டியதுபோல் வரும் பரு, வீங்கிச் சிவந்து வலிக்கும் கட்டத்துக்குப் போய்விட்டால், சுத்தம் செய்து மருந்து போடுவதோடு சேர்த்து லேசரும் கொடுக்கிறார்கள். வெறும் கறுப்புப் பொடியாக இருக்கும்போது அதற்கு லேசர் எதற்கு என்பது என் கருத்து.

அரிப்பு நோய்கள் வேறு ரகம். பூனையின் வயிற்றிலும் தொடையிலும் முடி போய் வழவழவென்று இருக்கிறது, முதுகில் தினை தினையாகப் பொருக்கு, மேல் உதட்டில் வலியே இல்லாமல் பள்ளம் விழுந்த ஒரு புண், தொடையின் உட்பக்கம் சிவந்து ஈரமாகத் தடித்த திட்டு. பார்க்க நாலு நோய் மாதிரி தெரியும். உண்மையில் இவை பூனைத் தோல் ஒவ்வாமைக்குக் காட்டும் நாலு விதமான எதிர்வினைகள், அடியில் இருப்பது தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம், சாப்பாட்டில் ஏதோ ஒரு புரதமாக இருக்கலாம், தூசியோ மகரந்தமோ ஆக இருக்கலாம். அந்த உதட்டுப் புண்ணின் மேல் லேசர் காட்டினால் வீக்கம் கொஞ்சம் தணியலாம், ஆறுவதுபோலவும் தெரியலாம். தெள்ளுப்பூச்சி கடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த மாதம் அதே இடத்தில் அதே புண்.

"எங்கள் பூனைக்குப் பூச்சியே இல்லை" என்பதை எல்லோரும் சொல்வார்கள். அரிப்பெடுத்த பூனை நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடும், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல் நெருக்கமான சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் சீவி, வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது ஜீரணமான பூனை ரத்தம். வெறும் அழுக்கானால் நிறம் ஊறாது. லேசருக்குச் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டிய, செலவே இல்லாத சோதனை இது. (இங்கே ஓர் எச்சரிக்கை: பெர்மெத்ரின் உள்ள நாய்களுக்கான பூச்சி மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிரே போகலாம்.) உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க எட்டு வாரமாவது ஒரே வகைச் சோதனை உணவு கொடுத்துப் பார்க்க வேண்டும். மிச்சமிருப்பது சுற்றுச்சூழல் ஒவ்வாமை என்றால் ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. இந்த வழி நீளமானது, சலிப்பானது, லேசர் அதைக் குறுக்காது.

காரணமில்லாமல் நக்குகிறது, மனக்கவலையாக இருக்கும் என்று சொல்லி முடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், மனநிலை காரணமாக முடியை நக்கிக் கொட்டவைப்பதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முழுதாகச் சோதித்தபோது 16 பூனைகளுக்கு உடம்பு சார்ந்த காரணம் மட்டுமே கிடைத்தது, வெறும் மனநிலை மட்டுமே காரணம் என்று மிஞ்சியவை 2. அடிவயிற்றை மட்டும் நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். மூட்டுக்கு மேலேயே நக்கும் வயதான பூனைக்கு மூட்டுவாதம் இருக்கலாம். அந்த மூட்டில் வலிக்காக லேசர் கொடுத்து நக்குவது குறைந்தால் அது நியாயமான பலன், ஆனால் அப்போது குணமானது தோல் நோய் இல்லை.

படர்தாமரைக்கு லேசர் வேண்டாம். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருவது, வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் மற்ற பூனைகளுக்கும் தொற்றும். இதற்கு மேலே போடும் கழுவல் மருந்தும் உள்ளே கொடுக்கும் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லியும்தான் வைத்தியம். லேசர் முனையைத் தோலில் வைத்துத் தேய்த்தால் பூஞ்சை வித்துகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த பூனைக்குப் போகும், அவ்வளவுதான் நடக்கும். இந்த நோயில் ஒளிக்கு வேறொரு வேலை உண்டு: உட்ஸ் விளக்கின் புற ஊதா வெளிச்சத்தில் பாதிக்கப்பட்ட முடித்தண்டு பச்சையாக மினுங்கும். அது கண்டுபிடிப்பதற்கு மட்டும்.

சரி, ஆதாரம் எவ்வளவு உறுதியானது? பூனைகளை மட்டும் வைத்து, ஒரு கூட்டத்துக்கு உண்மையான லேசரும் இன்னொரு கூட்டத்துக்கு அணைத்து வைத்த லேசரும் காட்டி ஒப்பிட்ட தோல் ஆய்வுகள் ரொம்பக் குறைவு. கையில் இருப்பது பெரும்பாலும் தனித்தனிப் பூனைகளின் அனுபவக் குறிப்புகள், அப்புறம் எலிகளிலும் நாய்களிலும் கிடைத்தவை. நாய்களின் கதையும் ஒரே பக்கம் சாயவில்லை. திறந்த காயங்களில் லேசர் கொடுத்துப் பார்த்த 2015, 2018 ஆய்வுகள் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதையும் காணவில்லை. ஒவ்வாமையால் பாதத்தை நக்கும் நாய்களிடம் 2014-ல் செய்த ஆய்விலும் அரிப்பு பொய் லேசரைவிடக் குறையவில்லை. ஆனால் 2019-ல் முதுகுத்தண்டு அறுவை செய்துகொண்ட டாஷண்ட் நாய்களில், லேசர் கொடுத்தவற்றின் தழும்பு மற்றவற்றைவிட நன்றாக இருந்தது. ஆராய்ந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு அலைநீளம், வேறு டோஸ், வேறு நாள் இடைவெளி வைத்ததால் இந்த முடிவுகளை ஒன்றோடொன்று கூட்டிக் கழிக்க முடியவில்லை. என் கணிப்பில் காயத்துக்குத் துணை வைத்தியமாக இதை ஏற்கலாம், அரிப்புக்கு இதையே மருந்தாக நம்பினால் ஏமாற்றம்தான்.

சிகிச்சை நடக்கும் விதம் எளிமையானது. பூனைக்கு மயக்க மருந்து தேவைப்படாது, மடியிலோ மேசையிலோ துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டால் போதும். களிம்பு ஏதாவது தடவியிருந்தால் துடைத்துவிடுவார்கள். திறந்த புண்ணில் முனை படாமல் சற்று மேலே பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள், புண்ணைச் சுற்றியிருக்கும் நல்ல தோலிலும் கொஞ்சம் காட்டுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். புதுக் காயம் என்றால் முதல் சில நாட்கள் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், நாள்பட்டது என்றால் வாரம் இரண்டு மூன்று முறை என்று தொடங்கி, பிறகு இடைவெளியைக் கூட்டுவார்கள்.

கண்தான் முக்கியம். 500 மில்லிவாட்டுக்கு மேல் போகும் கருவிகள் நான்காம் வகுப்பு லேசர்கள், சுவரிலோ உலோகத் தட்டிலோ பட்டுத் திரும்பும் ஒளிகூட விழித்திரையைக் கெடுத்துவிடலாம். அகச்சிவப்பு கண்ணுக்கே தெரியாது, எனவே கூசியது, கண்ணை மூடினேன் என்பதெல்லாம் நடக்காது. அறையில் இருக்கும் எல்லோரும் அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடி போட வேண்டும், பூனையின் கண்ணையும் மூட வேண்டும். முகத்தில் புண் என்றால் இன்னும் ஜாக்கிரதை. நான்காம் வகுப்புக் கருவி சூட்டையும் உண்டாக்கும், கறுத்த தோலில் நிறுத்திப் பிடித்தால் சுட்டுவிடும். சினையாக இருக்கும் பூனையின் வயிற்றுக்கு மேல், ரத்தம் கசியும் இடத்தில் காட்டக் கூடாது. தோலை ஒளிக்குக் கூசவைக்கும் மருந்து ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தடை புற்றுநோய். செல்லைத் தூண்டிவிடும் ஒளியைப் புற்றுநோய்க் கட்டியின் மேல் காட்டுவதை எல்லோரும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பூனையிடம் இது வெறும் புத்தக எச்சரிக்கை இல்லை. வெள்ளைப் பூனை, அல்லது மூக்கும் காது நுனியும் வெள்ளையாக உள்ள பூனை, வெயிலில் படுத்துப் படுத்தே அந்த இடங்களில் செதிள்செல் புற்றுநோய் வரும். ஆரம்பத்தில் அது கட்டியாகத் தெரியாது. மூக்கு நுனியில் ஒரு சிறு பொருக்கு, உதிர்ந்தால் அடியில் லேசான புண், மறுபடி பொருக்கு. சண்டையில் பட்ட கீறல் என்று நினைத்து இதற்கு வாரக்கணக்கில் லேசர் கொடுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நாள் வீணாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறாமல் திரும்பத் திரும்ப வரும் எந்தப் புண்ணுக்கும் ஒரு சிறு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியபின்தான் லேசர்.

அதே புற்றுநோய்க்கு மற்ற இரண்டு வகைகளில் இடம் உண்டு என்பது வேடிக்கை. ஆழம் போகாத ஆரம்பநிலை மூக்குக் கட்டிக்கு, அமினோலெவுலினிக் அமிலம் கலந்த களிம்பைத் தடவிச் சில மணி நேரம் காத்திருந்து சிவப்பு ஒளி காட்டுவார்கள், மருந்தை உறிஞ்சிய செல்கள் மட்டும் செத்துப்போகும். இதற்கு மயக்க மருந்து தேவை. 2008-ல் வெளியான ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற 55 பூனைகளில் 85 சதவீதத்துக்குக் கட்டி முழுதாக மறைந்தது, ஆனால் அப்புறம் பாதிப் பூனைகளுக்குத் திரும்ப வந்தது. ஆழமாகப் போன கட்டிக்கு ஒளி எட்டாது, அறுவைதான். வெட்டும் வகையில் அதிகம் புழங்குவது 10,600 நானோமீட்டர் கார்பன் டைஆக்சைடு லேசர். அந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்வதால் திசு மேலோட்டமாக ஆவியாகிறது, சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு ரத்தம் அதிகம் வராது. காதுக்குள் நீலக்கறுப்பாகக் கொத்துக் கொத்தாக வரும் நீர்க்கட்டிகளைப் பொசுக்க இது நல்ல கருவி. சோதனைக்குத் துணுக்கு எடுக்க மட்டும் சாதாரணக் கத்தியே மேல், லேசர் ஓரத்தைக் கருக்கிவிட்டால் நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குச் சிரமம்.

ஆரம்பிப்பதானால், புண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, ஒரே வெளிச்சத்தில், ஒவ்வொரு முறைக்கு முன்பும் ஒரு படம் எடுத்து வையுங்கள். எத்தனை ஜூல் கொடுத்தார்கள் என்பதையும் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் படத்தில் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் இன்னும் பத்து முறைக்கு முன்பணம் கட்டாமல், நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோமா என்று திரும்பக் கேட்பதுதான் சரி.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் விற்கும் சின்னக் கருவிகள் பலவற்றில் திறன் என்ன, அலைநீளம் என்ன என்றே ஒழுங்காகப் போட்டிருக்காது, பிறகு டோஸை எப்படிக் கணக்குப் போடுவது? பூனைக்கு விளையாட்டுக் காட்டும் சிவப்புப் புள்ளி லேசரைப் புண்ணில் காட்டினால் என்ன என்றும் கேட்கிறார்கள். அது 5 மில்லிவாட் என்றே வைத்துக்கொண்டாலும், முதலில் சொன்ன அந்த 30 ஜூலைக் கொடுக்க 100 நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அந்தப் புள்ளியைப் பார்த்ததும் பாய்ந்து பிடிக்கத்தான் பூனை அதுவரை பழகியிருக்கும்.